வீட்டுத் துப்புரவுத் தொழில்: ஆளை அறிமுகப்படுத்துவதா, சம்பளத்துக்கு அமர்த்துவதா?

நீங்கள் கேட்டது இதுதான். கொழும்பில், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் 22 வீடுகளுக்கு, நான்கு பெண்களைக் கொண்டு, வாரத்துக்கு ஒரு முறை துப்புரவு வேலை செய்து கொடுக்கிறீர்கள். வீட்டுக்காரர்கள் உங்களிடம் பணம் தருகிறார்கள். நீங்கள் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அந்தப் பெண்களிடம் கொடுக்கிறீர்கள். இதை முகவர் நிலையமாகப் பதிந்து கொமிஷனில் நடத்துவதா, நால்வரையும் ஊழியர்களாக எடுத்து நிறுவனமாக நடத்துவதா என்பது கேள்வி. நால்வரில் ஒருவர், சேமலாப நிதிக்கென்று (ஊழியரின் பெயரில் மாதந்தோறும் சேரும் ஓய்வுகாலச் சேமிப்பு, EPF) எதையும் வெட்டாமல் முழுப் பணத்தையும் கையில் தரும்படி கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் கொழும்பில் இதே தொழிலை முதல் ஐந்து வருடம் முகவராகவும், அதன்பின் ஊழியர்களை வைத்தும் நடத்தியவள். ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இப்போது செய்வதற்கு முகவர் தொழில் என்று பெயர் வைக்க முடியாது. எந்தப் பெண் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை நீங்கள் சொல்கிறீர்கள், விலையை நீங்கள் பேசுகிறீர்கள், குறை வந்தால் உங்களுக்குத்தான் தொலைபேசி வருகிறது. அப்படியானால் நீங்கள் ஏற்கெனவே தொழில்தருநர்தான், அதாவது ஆளை வேலைக்கு அமர்த்தியவர். அதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற விலையை வாங்கும் வழியைத் தேடுங்கள். அல்லது உண்மையான முகவராக மாறி, இந்த அதிகாரங்கள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து. நான் அந்த நடுவில் ஐந்து வருடம் நின்றேன்.

அப்போது எங்களிடம் வேலை செய்த ஒவ்வொருவரிடமும், "நான் சுயாதீனமாகத் தொழில் செய்பவர், எவருடைய ஊழியரும் அல்ல" என்று எழுதிய கடிதத்தில் ஒப்பம் வாங்கி வைத்திருந்தோம். ஒரு சட்டத்தரணியிடம் காசு கொடுத்து எழுதுவித்த கடிதம். அது இருக்கும்வரை கவலையில்லை என்று நம்பினோம். மட்டக்குளியில் இருந்து 155 ஆம் இலக்க பஸ்ஸில் வந்துபோகும் ஓர் அக்கா, கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் யன்னல் துடைக்கும்போது ஸ்டூல் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நல்லவேளையாக வீட்டின் உட்பக்கம்தான் விழுந்தார். ஏழு வாரம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. அவருடைய மகன் தொழில் திணைக்களத்தில் முறையிட்டார். எங்களை அழைத்த உத்தியோகத்தர் அந்தக் கடிதத்தை ஒரு முறை பார்த்துவிட்டு மேசையில் ஒரு பக்கமாக வைத்தார். அதன்பின் மூன்று கேள்விகள் கேட்டார். அன்றைக்கு ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குப் போகும்படி அவரிடம் சொன்னது யார்? அவர் போட்டிருந்த சட்டையில் யாருடைய பெயர் இருந்தது? அவர் போக விரும்பாவிட்டால் தனக்குப் பதிலாகத் தன் தங்கையை அனுப்பியிருக்கலாமா? மூன்றுக்கும் நான் சொன்ன பதில்கள் எங்களையே காட்டிக்கொடுத்தன. சிகிச்சைச் செலவையும் ஏழு வாரச் சம்பளத்தையும் கொடுத்தோம்; அதுவரை கட்டாமல் விட்ட சேமலாப நிதியையும் மிகைக் கட்டணத்தோடு கட்டினோம். அந்தத் தொகையைவிட, அந்த அக்காவிடம் அப்படியொரு கடிதத்தில் ஒப்பம் வாங்கினோம் என்பதுதான் இன்றும் என் மனதை உறுத்துகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு வாசிக்கத் தெரியாது. அது ஆங்கிலத்தில் இருந்தது.

அந்த மூன்று கேள்விகளும் தற்செயலாக வந்தவை அல்ல. ஒருவர் ஊழியரா, தன் பொறுப்பில் கொந்தராத்து எடுத்துச் செய்பவரா என்று பார்க்கும்போது ஒப்பந்தத்தின் தலைப்பு பெரிதாகக் கணக்கில் வராது. வேலை செய்யும் முறையைக் கட்டுப்படுத்துவது யார், உபகரணங்களையும் துப்புரவு மருந்துகளையும் வாங்குவது யார், விலை குறிப்பது யார், இலாபமோ நட்டமோ வந்தால் சுமப்பது யார், அவர் தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாமா, அவருடைய வேலை உங்கள் தொழிலின் உடம்பாகவே இருக்கிறதா அல்லது வெளியிலிருந்து எப்போதாவது வந்து போகும் வேலையா என்றுதான் பார்க்கப்படும். துப்புரவு நிறுவனத்தில் துப்புரவு செய்பவர் அந்தத் தொழிலின் உடம்பு என்பதை எவரும் மறுக்க முடியாது. கணினி திருத்த வருபவரோ வருடத்துக்கொரு முறை கணக்கு முடித்துத் தருபவரோ வேறு.

பலர் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஒரேயொரு ஊழியரை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும், அவர் வேலைக்கு வந்த முதல் நாளில் இருந்தே பொருந்தும். அவர் நிரந்தரமா, தற்காலிகமா, நாட்கூலியா, வேலைக்கு இவ்வளவு என்று பேசி வாங்குபவரா என்பது எந்த வித்தியாசத்தையும் ஏற்படுத்தாது. தொழில்தருநரின் பங்கு 12 வீதம், ஊழியரின் பங்கு 8 வீதம். அதற்கு மேல், 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம். அது முழுவதும் உங்கள் பையில் இருந்துதான். ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்கு முன் கட்ட வேண்டும். பிந்தினால் மிகைக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதம் வரை போகும். "ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பதிகிறேன்" என்று சொல்லும் சிறு தொழில்காரர்களைக் கொழும்பில் நிறையச் சந்தித்திருக்கிறேன். அந்த ஆறு மாதமும் கடனாகவே ஏறிக்கொண்டிருக்கும்.

உண்மையான முகவர் தொழில் என்றால் என்ன? ஆள் தேவைப்படும் வீட்டையும் வேலை தேவைப்படும் பெண்ணையும் சந்திக்க வைத்து, அதற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு விலகிக்கொள்வது. சம்பளத்தை வீட்டுக்காரர் நேரே அவரிடம் கொடுப்பார். நாளையும் நேரத்தையும் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் இருவரும் பிரிந்துகொள்வார்கள். கட்டணம் வாங்கி வேலை தேடிக்கொடுக்கும் முகவர் நிலையங்களுக்கென்றே 1956 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை நடத்தக் கூடாது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்த சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அந்தத் தொழிலை நான் இழிவாக நினைக்கவில்லை. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டோடு தங்கி வேலை செய்யவும் ஆள் தேடும் குடும்பங்களுக்கு அது நேர்மையான சேவை. கட்டணத்தை வீட்டுக்காரரிடம் மட்டும் வாங்குங்கள். அந்தப் பெண்ணின் முதல் மாதச் சம்பளத்தில் கைவைக்காதீர்கள். தான் இழப்பது என்ன என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். வீடொன்றில் நேரடியாக வேலைக்கு அமர்பவர் பணிக்கொடைச் சட்டத்துக்குள் (நீண்டகாலம் வேலை செய்து விலகும்போது தரும் தொகைக்கான சட்டம்) வரமாட்டார். நடைமுறையில் அவருக்காகச் சேமலாப நிதி கட்டும் வீட்டை நான் கண்டதில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கென்று நம் சட்டப் புத்தகத்தில் தனியாக இருப்பது 1871 ஆம் ஆண்டின் பதிவுக் கட்டளைச் சட்டம். வீட்டு வேலைக்காரரைப் பதிந்து கண்காணிக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட அதில் அவருடைய உரிமையைத் தேடினால் கிடைக்காது. நிறுவனம் ஒன்றின் ஊழியராகத் துப்புரவு செய்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இதைவிட எவ்வளவோ மேல். அதே குசினியை, அதே மலசலகூடத்தைத்தான் இருவரும் கழுவுகிறார்கள்; யாருக்காகக் கழுவுகிறார்கள் என்பதுதான் வேறு.

வாரத்துக்கு ஒரு முறை போகும் வேலைக்கு முகவர் முறை பொருந்தாது என்பதற்குச் சட்டம் தவிர வேறு காரணமும் இருக்கிறது. மூன்றாம் வாரத்திலேயே வீட்டுக்காரரும் அந்தப் பெண்ணும் உங்களை விட்டுவிட்டு நேரே பேசிக்கொள்வார்கள். என்னிடம் இருந்து அப்படிப் போன வீடுகள் ஏராளம். அப்போது கோபப்பட்டேன், இப்போது யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்ததாகவே தெரிகிறது. அறிமுகம் முடிந்தபின் நான் அந்த வீட்டுக்கு எதையும் செய்யவில்லை. கொமிஷன் மட்டும் வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது. வரமுடியாத நாளில் மாற்று ஆள், உடைந்த பொருளுக்குப் பொறுப்பு, வேலையைப் பழக்கிக் கொடுத்தல், வீட்டுத் திறப்பை (சாவியை) பத்திரமாக வைத்திருத்தல் ஆகியவற்றை நீங்கள் செய்தால்தான் மாதந்தோறும் பணம் வாங்க உங்களுக்கு உரிமை வரும். அவற்றைச் செய்யத் தொடங்கிய கணமே நீங்கள் தொழில்தருநர் ஆகிவிடுகிறீர்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் அதிகமாகத் தங்கப்போகிறேன். ஏனென்றால் ஊழியர்களை எடுத்துவிட்டு இரண்டு வருடத்தில் மூடிவிட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுந்தன.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. நாட்கூலி என்றால் 1,200 ரூபா. இதற்கு மேல், வணிக ரீதியான துப்புரவுச் சேவைக்கென்று தனிச் சம்பளச் சபையும் இருக்கிறது. அதன் கட்டளையைத் தொழில் திணைக்களத்தில் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வெள்ளவத்தையில் நன்றாக வேலை தெரிந்த, நம்பித் திறப்பைக் கொடுக்கக்கூடிய ஒருவர் அந்தக் குறைந்தபட்சத்துக்கு நிற்கமாட்டார். 45,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். சேமலாப நிதி 5,400, நம்பிக்கைப் பொறுப்பு நிதி 1,350, ஆக 51,750. பணிக்கொடைக்காக மாதம் 1,875 ரூபாவைத் தனியாக ஒதுக்குங்கள். வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் அந்தத் தொகை வரும். மொத்தம் 53,625 ரூபா.

இப்போது அவர் எத்தனை வீடு செய்வார்? மாதம் 26 நாள், நாளுக்கு இரண்டு வீடு, ஆகவே 52 வருகை என்று பலர் போடுகிறார்கள். 45,000 ரூபாவை 52 ஆல் வகுத்து, ஒரு வருகைக்குக் கூலி 865 ரூபா என்று கண்டு, அதன்மேல் கொஞ்சம் இலாபம் வைத்து வீட்டுக்காரரிடம் விலை சொல்லிவிடுகிறார்கள். நடப்பது வேறு. வருடத்துக்கு 312 வேலை நாட்களில், 14 நாள் ஆண்டு விடுமுறையையும் 7 நாள் சாதாரண விடுமுறையையும், போயா (பௌர்ணமி) நாட்களோடு ஏனைய சட்டபூர்வ விடுமுறைகள் இருபதளவையும் கழித்தால் ஏறத்தாழ 270 நாள் மிஞ்சும். மாதத்துக்கு இருபத்திரண்டரை நாள், அதாவது 45 வருகை. வீட்டுக்காரர் ஊருக்குப் போகிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு வேண்டாம் என்கிறார், ஒருவர் வீடு மாறிப் போகிறார். புதிய வீடு சேரும்வரை அந்த இடம் காலியாகக் கிடக்கும். ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் போய்விடும் என்று எடுத்தால் 36 வருகை. 53,625 ஐ 36 ஆல் வகுத்தால் ஒரு வருகைக்குக் கூலி மட்டும் 1,490 ரூபா. முதலில் போட்ட கணக்கைப் போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு.

இதோடு பஸ் காசுக்கும் மருந்துகளுக்கும் 250, மேற்பார்வை, தொலைபேசி, காப்புறுதி, கணக்கு, பயிற்சி ஆகியவற்றுக்கு 600 என்று சேர்த்தால் 2,340 ரூபா. வீட்டுக்காரரிடம் 2,800 வாங்கினால் உங்களுக்கு 460 மிஞ்சும். நான்கு பேரும் மாதம் 36 வருகை செய்தால், 144 வருகைக்கு 66,240 ரூபா. வருகை 27 ஆகக் குறைந்தால் கூலி 1,986 ஆகி, ஒரு வருகையின் செலவு 2,836 ரூபாவுக்கு ஏறிவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் 36 ரூபாவை நீங்கள் கையில் இருந்து போட்டு அனுப்புவீர்கள். இந்தத் தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் தொகைகளை நீங்கள் போடுங்கள். ஆனால் கணக்கின் போக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்: சம்பளம் கூடியதால் நட்டப்பட்டவர்களைவிட, ஊழியரின் நாள் காலியாகக் கிடந்ததால் நட்டப்பட்டவர்களே அதிகம்.

இதே கணக்கை உங்கள் 22 வீடுகளுக்குப் போட்டுப் பார்த்தேன். மாதத்துக்கு ஏறத்தாழ 95 வருகை. ஒருவருக்கு 36 என்றால் இரண்டே முக்கால் பேருக்கும் குறைவான வேலைதான் உங்களிடம் இருக்கிறது. நால்வரையும் அடுத்த மாதமே மாதச் சம்பளத்துக்கு எடுத்தால், ஆளுக்கு 24 வருகைதான் வரும். ஆறு மாதம் தாக்குப்பிடிக்க மாட்டீர்கள். அதற்காக இருவரை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நால்வரையும் முதலில் நாட்சம்பள ஊழியர்களாக எடுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் வேலை உண்டு என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். முதல் நாளில் இருந்தே சேமலாப நிதியைக் கட்டுங்கள். நாட்சம்பளம் என்பது சம்பளத்தைக் கணக்கிடும் முறை மட்டும்தான். அதனால் அவர் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது, விடுமுறை உரிமையும் அற்றுப்போகாது. வீடுகள் கூடக்கூட, நீண்டகாலம் உங்களோடு இருந்தவரில் தொடங்கி ஒவ்வொருவராக மாதச் சம்பளத்துக்கு மாற்றுங்கள். நால்வருக்கும் முழு வேலை கொடுக்க 33 வீடுகளாவது வேண்டும்.

அந்த 33 வீடுகளையும் எங்கே தேடுவது என்பதிலும் கவனம் வேண்டும். நுகேகொடையில் ஒரு வீடு, கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு என்று வரும் அழைப்புகளை எல்லாம் ஏற்றால், மத்தியான நெரிசலில் பஸ்ஸில் போகும் ஒன்றரை மணி நேரம் உங்கள் சம்பளக் கணக்கில் விழும். காலை ஒரு வீட்டுக்கும் பின்நேரம் இன்னொரு வீட்டுக்கும் நீங்களே அனுப்பும்போது இடையில் கழியும் நேரமும் வேலை நேரம்தான்; அதைக் கழித்துச் சம்பளம் கொடுப்பது நேர்மையல்ல. ஹம்டன் லேனில் முடித்துவிட்டு இராமகிருஷ்ண வீதிக்கு நடந்தே போய்விடலாம். ஒரே தொடர்மாடியில் மூன்று வீடுகள் கிடைத்தால், மூன்றாவது வீட்டுக்கு விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது எடுங்கள். மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் அரை மணி நேரம் கூட்டிப் பேசுங்கள். கடற்காற்றில் வரும் உப்பு அலுமினிய யன்னலின் தண்டவாளத்தில் பிசுபிசுவென்று படிந்து, தூசியோடு சேர்ந்து கறுப்பாக இறுகிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். முதல் நாள் வீடு பார்க்கப் போகும்போது யன்னலை இழுத்துப் பாருங்கள். அது இழுபடும் விதத்திலேயே எத்தனை மணி நேர வேலை என்று தெரிந்துவிடும்.

பெண்களை ஊழியர்களாக எடுப்பவர் மகப்பேற்று விடுமுறையைச் செலவாக நினைத்துப் பயப்படுகிறார். 84 வேலை நாட்கள், சம்பளத்தோடு. அதைச் சமாளிக்க ஒரே வழி, தொடக்கத்திலேயே விலையில் சிறு தொகையை அதற்காகச் சேர்த்து வைப்பதுதான். பிள்ளை பெறும் வயதைத் தாண்டியவர்களை மட்டும் தேடி எடுப்பவர்களை நான் அறிவேன், அப்படிச் செய்யாதீர்கள். அந்த மூன்று மாதத்தில் இடத்தைக் காத்து வைத்திருந்ததற்காகப் பத்து வருடம் எங்களோடு நின்றவர்கள் இருக்கிறார்கள். 18 வயதுக்குக் குறைந்த எவரையும், தாயே கையைப் பிடித்துக்கொண்டு வந்து விட்டாலும், வேலைக்கு எடுக்காதீர்கள்.

ஊழியர் எண்ணிக்கை 15 ஐ எட்டும்போது இரண்டு சட்டங்கள் வந்து சேரும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்தவர் விலகும்போது பணிக்கொடை கொடுக்க வேண்டும். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். 14 பேரோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த கம்பனியை மனைவியின் பெயரில் திறப்பவர்கள் உண்டு. பணிக்கொடைக்கு முதல் மாதத்தில் இருந்தே ஒதுக்கச் சொன்னதற்குக் காரணம், அந்தச் சுற்றுவழிக்கே தேவை வராமல் இருப்பதற்குத்தான். பதினைந்துக்குக் குறைவாக இருக்கும்போதும், அநியாயமாக நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

வரியில் ஒரு விடயத்தை மட்டும் சொல்கிறேன். முகவருக்கு வருமானம் கொமிஷன் மட்டும். நிறுவனத்துக்கோ வீட்டுக்காரர் தரும் முழுத் தொகையும் விற்றுமுதல். ஆகவே ஊழியர்களை வைத்து வளரும்போது வற் (பெறுமதி சேர் வரி) பதிவின் எல்லையை விரைவில் நெருங்குவீர்கள். எல்லையைத் தாண்டினால் 18 வீதம் விலையில் ஏறும். உங்கள் செலவில் பெரும்பகுதி சம்பளம் என்பதால் கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரி (நீங்கள் பொருள் வாங்கும்போது கட்டிய வற்) அதிகம் இருக்காது. வீட்டுக்காரராலும் அதைத் திரும்பப் பெற முடியாது. 33 வீட்டில் இது உங்களைத் தொடாது. அலுவலகங்களையும் எடுக்கத் தொடங்கும்போது கணக்காளரிடம் இதை முதலில் கேளுங்கள்.

காப்புறுதியைத் தள்ளிப்போட வேண்டாம். வேலையில் காயப்படும் ஊழியருக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி உங்களுடையது. அதற்கான காப்புறுதியையும், வாடிக்கையாளர் வீட்டில் ஏற்படும் சேதத்துக்கான பொறுப்புக் காப்புறுதியையும் சேர்த்தே எடுங்கள். இரண்டாவது எவ்வளவு தேவை என்பதை ஒரு மலசலகூடத்தில் கற்றேன். புதிதாக வந்தவர், சலவைக்கல் பதித்த கழுவுதொட்டியின் மேடையில் ஹாபிக்கை ஊற்றித் தேய்த்துவிட்டார்; மினுக்கம் போய், வெள்ளை வெள்ளையாகத் தடம் விழுந்துவிட்டது. அமிலம் சலவைக்கல்லை அரிக்கும் என்பதை அவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதைவிட முக்கியமானது, ஹாபிக் போன்ற அமில மருந்தையும் குளோரின் சேர்ந்த வெளிறல் திரவத்தையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பது. யன்னல் இல்லாத சிறிய குளியலறையில் அது உயிராபத்து. எந்தப் போத்தல் எந்த இடத்துக்கு என்பதை நிற நாடா ஒட்டிக் காட்டுங்கள். பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள். சம்பளத்துக்கு எடுக்கும்போது வேலையை இப்படிப் பழக்கவும் கண்காணிக்கவும் உங்களுக்குத் தயக்கமே தேவையில்லை. முகவராக இருந்தபோது, "இப்படிச் செய்" என்று சொன்னால் தொழில்தருநர் ஆகிவிடுவோமோ என்று பயந்து பாதியைச் சொல்லாமல் விட்டோம். திறப்புகளிலும் வீட்டு இலக்கத்தை எழுதாதீர்கள்; உங்கள் புத்தகத்தில் மட்டும் இருக்கும் ஓர் எண்ணைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

இப்போதுள்ள வாடிக்கையாளர்களிடம் விலையைக் கூட்டுவது எப்படி என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் வட்ஸ்அப்பில் அறிவிக்காமல், ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே போய்ச் சொல்லுங்கள். வருபவர் உங்கள் ஊழியர், அவருக்குச் சேமலாப நிதி கட்டப்படுகிறது, அவர் வராத நாளில் மாற்று ஆள் வருவார், அவர் காயப்பட்டாலும் ஏதாவது உடைந்தாலும் பொறுப்பு வீட்டுக்காரருடையது அல்ல, உங்களுடையது. 22 இல் நாலைந்து பேர் விலகலாம். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. விலகியவர்களில் பெரும்பாலோர், ஒவ்வொரு மாதமும் காசுக்கு அலையவைத்தவர்கள்.

கடைசியாக, முழுப் பணத்தையும் கையில் கேட்கும் அந்தப் பெண்ணைப் பற்றி. அவரே விரும்பி எழுதிக் கொடுத்தாலும் சேமலாப நிதியைக் கட்டாமல் விட உங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் சட்டத்தைக் காட்டி அவர் வாயை அடைக்காதீர்கள். அவரோடு உட்கார்ந்து கணக்கைக் காட்டுங்கள். 45,000 ரூபா சம்பளத்தில் அவருக்கு வெட்டுப்படுவது 3,600. அதோடு நீங்கள் போடுவது 5,400, மற்ற நிதிக்கு 1,350. மாதம் 10,350 ரூபா அவருடைய பெயரில் சேர்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உங்களுடைய பணம். பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். அதற்கு முன்பும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வீட்டுக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ 30 வீதம் வரை பெற வழி இருக்கிறது. நாட்சம்பளத்தில் தொடங்கும்போது தொகை சிறிதாக இருக்கும், ஆனால் விகிதம் இதுவே. கையில் குறைவது அவருடைய அன்றாடத்தைப் பாதிக்கும் என்றால், முதல் மூன்று மாதத்துக்குச் சிறு முற்பணம் கொடுத்து உதவுங்கள்.

சேமலாப நிதிப் படிவத்தை நிரப்பும் முன் நால்வருடைய அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் வாங்கி, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மலையகத்தில் இருந்து வந்தவர்களுக்குத் தோட்டத்துப் பதிவில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருப்பது சாதாரணம். எங்களிடம் பதினொரு வருடம் வேலை செய்த ஒருவருக்கு, ஓர் எழுத்து வித்தியாசத்தினால் பணம் எடுக்க எட்டு மாதம் அலைய வேண்டியிருந்தது. சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், மீண்டும் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்கு என்று நானும் அவரோடு போனேன். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். பெயர் வேறுபட்டிருந்தால், முதல் மாதப் பணத்தை அனுப்பும் முன்பே திருத்தத்துக்கு விண்ணப்பிக்க அவருக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுமுறை கொடுத்து அனுப்புங்கள்.